கதவைத் தட்டியவர்கள்



மலர்க் குழுவினர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்க பி.ஏ. வரலாறு. அதனால ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரணும். ஆனா நம்ம காலேஜ்ல ராமானுஜம் ஸ்காலர்ஷிப்பை இழந்த கதை மட்டும் வேண்டாம். ஏற்கெனவே நாலு பேர் அனுப்பிட்டாங்க" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1854இல் பிறந்த கும்பகோணம் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். பெரிய பெயர்களைச் சொல்லிப் பெருமைப்படுவது நமக்குக் கைவந்த கலை. இந்த முறை பெயர் தெரியாத சிலரைப் பற்றி எழுதுகிறேன்.

நம் தஞ்சை மாவட்டத்திலும் பொதுவாகத் தமிழ்நாட்டிலும் மக்கள் நல்வாழ்வு ஆராய்ச்சி என்று நடந்ததில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் நம் வகுப்புத் தோழர். ஒரு முறை அவர் தட்டிய கதவு என் வீட்டுக் கதவு. அதை நான் திறக்கவில்லை. அந்தக் கணக்கையும் இங்கேயே தீர்த்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அரண்மனையில் ஆரம்பம்

மருத்துவ ஆராய்ச்சி தஞ்சாவூருக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்று ஒன்றை ஏற்படுத்தி, நாட்டு வைத்தியத்தையும் ஆங்கில வைத்தியத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார். கண் நோயாளிகளுக்கு அங்கே நடந்த சிகிச்சையின் குறிப்புகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. கண்ணைப் படமாகவே எழுதி, என்ன நோய், என்ன சிகிச்சை, எப்படிக் குணமாயிற்று என்று குறித்து வைத்திருக்கிறார்கள். இன்றைய ஆஸ்பத்திரியில் 'கேஸ் ஷீட்' என்கிறோமே, அதே சமாச்சாரம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே நோயாளி அரண்மனை தேடி வந்தார். வராதவரைப் பற்றி மன்னருக்கு ஒன்றும் தெரியாது. ஓர் ஊரில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது, யாருக்கு இன்னும் தெரியாமலே உள்ளே இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், வராதவர் வீட்டுக்கு யாராவது போயாக வேண்டும். சமூக மருத்துவ ஆராய்ச்சி என்பதன் சாரமே இதுதான். அதை முதலில் எனக்குப் புரிய வைத்தது ஒரு புழு.

இரவு நேரத்து விருந்தாளிகள்

யானைக்கால் நோயைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நாம் படித்த காலத்தில் வெளியூர் நண்பன் எவனாவது ஹாஸ்டலுக்கு வந்தால், "உங்க ஊர்த் தண்ணியைக் குடிச்சா கால் வீங்கிடுமாமே?" என்று கேட்டு நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வான். தண்ணீர் குடிப்பதால் வராது, கொசுக்கடியால் வருவது என்று நாம் பதில் சொல்வோம். "அதான், வயல் பூரா தண்ணி, கொசு இல்லாம இருக்குமா!" என்பான். அதுவும் தப்பு. வயல் தண்ணீரில் வளரும் கொசு வேறு. அது மூளைக்காய்ச்சல் பரப்பும் ஜாதி. யானைக்கால் புழுவைச் சுமப்பது கியூலெக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸ் என்ற கொசு. அதற்குச் சாக்கடைத் தண்ணீரும் கொல்லைப்புறத்துக் குழிகளும்தான் பிறந்த வீடு. பாவம், காவிரித் தாய்க்கும் நெல்லுக்கும் வீண்பழி. நாம் வீட்டுக்குப் பின்னால் தேங்கவிட்ட கழிவுநீர்தான் காரணம்.

இந்தப் புழுவுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியிருந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் குஞ்சுகளை ஈன்றுகொண்டே இருக்கும். அந்தக் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒளிந்துகொள்ளும். இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை, அதாவது கொசு கடிக்கும் வேளையில், மேல் ரத்தத்துக்கு வந்து உலாவும். 1872இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் மனித ரத்தத்தில் இந்தக் குஞ்சுகளைக் கண்டார். 1877இல் சீனத்து அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், தம் தோட்டக்காரரையே கொசுவுக்குக் கடிக்கக் கொடுத்து, புழு கொசுவின் உடம்பில் வளர்வதைக் கண்டுபிடித்தார். மேன்சனின் பெயர் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. கடி வாங்கிய தோட்டக்காரரை யார் நினைக்கிறார்கள்?

புழு இரவில்தான் வெளியே வரும் என்றால், ரத்தமும் இரவில்தான் எடுக்க வேண்டும். 1955இல் மத்திய அரசு தேசிய பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊர் ஊராக ராத்திரி ரத்தப் பரிசோதனைக் குழுக்கள் வந்தது இதனால்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, ஊர் அடங்குகிற நேரம். கையில் விளக்கு, தோளில் பை. பையில் கண்ணாடி ஸ்லைடுகள், ஊசி, ஸ்பிரிட், பஞ்சு, ஒரு நீளமான பதிவேடு. தூங்குகிறவரை எழுப்பி, விரல் நுனியில் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தை ஸ்லைடில் தடவி எண் போடுவார்கள். மறுநாள் அதற்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்து, புழு இருக்கிறதா, இருந்தால் எத்தனை என்று எண்ணுவார்கள். பாராட்டு வாங்கக் கூடிய வேலையா இது? நாய் துரத்தும். குழந்தை அழும். "நடுராத்திரியில ரத்தம் குடிக்க வந்துட்டானுங்க" என்று வீட்டுப் பெரியவர் வைவார்.

நம் ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டில்காரரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விலங்கியல் படித்தவர், தவளையை அறுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். பட்டம் வாங்கிய மறு ஆண்டு, 1975இல், "எனக்குக் கலெக்டர் உத்தியோகம் கிடைச்சிடுச்சு" என்று கார்டு எழுதினார். நான் அசந்துபோனேன். கார்டைத் திருப்பினால் பின்பக்கத்தில், "இன்செக்ட் கலெக்டர்" என்று பூர்த்தி செய்திருந்தார்! பூச்சி பிடிக்கும் வேலை. பைலேரியா துறையில் உண்மையாகவே அப்படி ஒரு பதவிப் பெயர் உண்டு. விடியற்காலையில் வீடுகளுக்குள் போய், சுவரிலும் துணிக் கொடியிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் பிரித்துப் பார்த்து, நூற்றில் எத்தனை கொசு புழுவைச் சுமக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். ஆள் குறைந்தால் இரவுக் குழுவோடும் அவரை அனுப்புவார்கள்.

நான் திறக்காத கதவு

எங்கள் குடும்பம் அப்போது டெல்டாவில் ஒரு சிறிய டவுனில் இருந்தது. பெயர் எதற்கு? எல்லா டவுனும் அப்படித்தான் இருந்தது. வாசலில் திறந்த சாக்கடை, கொல்லையில் குழி. எங்களோடு இருந்த அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, இடது கால் யானைக்கால். கல்யாணமான மூன்றாம் வருஷம் கால் வீங்கியது. ஐந்தாம் வருஷம் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர் பிறகு போகவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் புடவைக் கொசுவத்தைத் தழையத் தழைய இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். கோவிலுக்குக்கூட இருட்டிய பிறகுதான் போவார். அவர் வைத்த வத்தக்குழம்பின் ருசி என் நாக்கில் இன்னும் இருக்கிறது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

1976ஆம் ஆண்டு. பாங்க் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் விளக்கு வெளிச்சம், நாலு பேர். பைலேரியாக்காரர்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, திறக்காதடா. புள்ளை ரத்தத்துல பூச்சி இருக்குன்னு புஸ்தகத்துல எழுதிட்டாங்கன்னா ஊரு பூராத் தெரிஞ்சிடும். எனக்கு ஆனது போதும். அவளையாவது கரையேத்தணும்."

நான் பட்டதாரி. மேன்சன் யார் என்று தெரிந்தவன். சோதனை நல்லது என்று மேடை போட்டுப் பேசக் கூடியவன். ஆனாலும் உள்ளே இருந்தபடியே, "எல்லாரும் தூங்கிட்டாங்க, நாளைக்கு வாங்க" என்று குரல் கொடுத்தேன். வெளியே ஒரு நிமிஷம் மௌனம். பிறகு செருப்புச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அந்த நாலு பேரில் ஒருவர் நம் 'கலெக்டர்'. என் குரல் அவருக்குத் தெரியாதா என்ன? மூன்று வருஷம் அடுத்த கட்டிலில் படுத்தவர் ஆயிற்றே!

1979இல் தங்கைக்கு நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. 1984இல் முதல் முறை குளிர்ஜுரம் வந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியது. இரண்டு வருஷத்துக்குள் வலது கால் வீங்கத் தொடங்கியது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். அத்தைக்கு நடந்தது தங்கைக்கு நடக்கவில்லை. ஆனால் கால், கால்தான்.

அன்று கதவைத் திறந்திருந்தால் அவள் தப்பியிருப்பாளா என்றால், அதை யாராலும் சொல்ல முடியாது. ஸ்லைடில் புழு தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். தெரிந்திருந்தால் டி.இ.சி. மாத்திரை கொடுத்திருப்பார்கள். மாத்திரை ரத்தத்தில் உள்ள குஞ்சுகளைக் கொல்லும். பெரிய புழு முழுக்கச் சாகும் என்று உறுதியில்லை. டாக்டர்களிடம் கேட்டு நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். தங்கை ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பல வருஷம் கழித்து நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்ன பதில்:

"பதிவேட்டுல ரெண்டு குறிப்பு உண்டுப்பா. 'பூட்டிய வீடு'ன்னு ஒண்ணு, 'மறுப்பு'ன்னு ஒண்ணு. உங்க வீட்டை மறுப்புன்னு எழுத மனசு வரலை. பூட்டுன்னு எழுதிட்டேன். என் சர்வீஸ்ல தெரிஞ்சே எழுதின பொய் அது ஒண்ணுதான். மறுப்புன்னு எழுதியிருந்தா யாராவது பகல்ல வந்து பேசிப் பார்த்திருப்பாங்க. நட்புக்காகச் செஞ்சேன், அது நட்பு இல்லை."

இரண்டு படித்தவர்கள் சேர்ந்து செய்த காரியம் இது! ஆராய்ச்சி எங்கே தடுக்கி விழுகிறது என்று எவ்வளவோ பெரிய அறிக்கைகள் வந்திருக்கின்றன. எனக்கு என் வீட்டுத் திண்ணையே போதும்.

கையில் கொடுப்பதும் வாயில் போடுவதும்

விஞ்ஞானிகளும் இதே பாடத்தை மெதுவாகக் கற்றார்கள். 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கியது. அதன் இயக்குநராக இருந்த பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. மருந்தை மட்டும் நம்பாமல், சாக்கடையைச் சரிசெய்து, குழிகளை மூடி, மீன் விட்டு, ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு கொசுவைக் குறைக்க முடியுமா என்பதே கேள்வி.

பழைய முறையில், ராத்திரி ரத்தம் எடுத்து, புழு உள்ளவரைக் கண்டுபிடித்து, 12 நாள் மாத்திரை கொடுக்க வேண்டும். மாத்திரை போட்டதும் புழுக் குஞ்சுகள் செத்து, அதனாலேயே ஜுரமும் தலைவலியும் வரும். மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம் அது. சாப்பிட்டவரோ "மருந்து ஒத்துக்கலை" என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார். ஊரில் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுத்தால் போதும் என்ற முறை பிறகு வந்தது. நாட்டில் சில மாவட்டங்களில் 1996 வாக்கில் பரீட்சித்தபோது, தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2004இல் நாடு தழுவிய இயக்கமாயிற்று. ராத்திரி விளக்கும் ஊசியும் எல்லா வீட்டுக்கும் வர வேண்டிய அவசியம் குறைந்தது. யாருக்குப் புழு என்று எழுதவே வேண்டாம், எல்லாருக்கும் மாத்திரை. என் அத்தையின் பயத்துக்கு இதுதான் சரியான மருந்து என்று தோன்றியது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

இங்கேயும் ஒரு முடிச்சு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆராய்ச்சியாளர்கள் திரும்பப் போய் விசாரித்தபோது, மாத்திரை வாங்கியவர் எண்ணிக்கைக்கும் விழுங்கியவர் எண்ணிக்கைக்கும் இடையே நல்ல இடைவெளி இருப்பது தெரியவந்தது. "சாயங்காலம் போட்டுக்கிறேம்மா" என்று வாங்கி வைத்தது, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கும். கொடுப்பவர் எதிரிலேயே விழுங்க வைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு செம்பு தண்ணீரை எடுத்து, "அத்தை, என் கண்ணு முன்னாடி போட்டுக்குங்க, நான் போயிடறேன்" என்று சொல்லத் தெரிந்த பெண்மணிதான் அந்த விதியை நிறைவேற்றினார். அவர் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

செங்கிப்பட்டியும் சேத்துப்பட்டும்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் வழியில் செங்கிப்பட்டி சானடோரியத்தைக் கடக்கும்போது, பஸ்ஸில் சில பேர் மூக்கைப் பொத்திக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். காசநோய் என்றால் வீட்டைவிட்டுப் போய் மாதக்கணக்கில் படுத்தாக வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. உலகமே அப்படித்தான் நம்பியது. அதை மாற்றியது நம் மெட்ராஸ்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமை. நம்மவர்களான தேவதத்தா, வேலு, சி.வி. ராமகிருஷ்ணன், புள்ளியியலுக்கு எஸ். ராதாகிருஷ்ணா ஆகியோர் உடன் உழைத்தார்கள். 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு கூறாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியைச் சொந்த வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, கட்டில், ஓய்வு. வீட்டில் ஒரே அறையில் ஆறேழு பேர், அரை வயிற்றுச் சோறு. 1959இல் வெளியான முடிவு உலகத்தைத் திகைக்க வைத்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. நோயைக் குணப்படுத்துவது மருந்து. கட்டிடம் அல்ல என்று நிரூபணமாயிற்று.

ஆனால் வீட்டு நோயாளி மருந்தைச் சாப்பிட்டாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நிற்பார்கள். மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கிச் சோதிப்பார்கள். சந்தும் பொந்துமாக அலைந்து அவர்கள் எண்ணிய மாத்திரைகள்தான் அந்த 86 என்ற எண்ணுக்கு அஸ்திவாரம். மருந்தை எதிரில் வைத்து விழுங்க வைக்கும் முறைக்கு, பிற்பாடு உலகம் முழுவதும் போன முறைக்கு, இங்கே நடந்த ஆராய்ச்சிகள்தான் வழிகாட்டின.

ஆலக்குடியில் ஒரு டேப்

இனி நம் மாவட்டத்தில் நம் கண்ணெதிரே நடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் கரம்பயம் என்ற ஊரும், தஞ்சாவூர்–திருச்சி ரயில் பாதையில் ஆலக்குடி என்ற ஊரும் உங்களுக்குத் தெரியும். 2008இல் கரம்பயத்தில் 'புதுஆறு' என்ற பெயரில் ஒரு கிராமிய நிதி நிறுவனம் கிளை திறந்தது. கல்லணைக் கால்வாயைத்தானே நம் ஜனங்கள் புது ஆறு என்பார்கள். பாங்க்காரன் என்ற முறையில் அந்தப் பெயர் என் காதில் உடனே விழுந்தது. அதே வட்டாரத்து முயற்சிகளில் ஒன்றாக, ஐ.கே.பி. பொதுச் சுகாதாரத் தொழில்நுட்ப மையம் என்ற ஆராய்ச்சி அமைப்பும், அதன் கள அமைப்பான 'சுகவாழ்வு' என்ற நிறுவனமும் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வந்தன. பாங்க் உலகத்திலிருந்து வந்த நசிகேத் மோர், சுவிட்சர்லாந்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற ஜீனா ஜோஹர் ஆகியோர் இதன் முன்னணியில் இருந்தவர்கள். ஆலக்குடியில் ஒரு கிராமச் சிறு நலவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

அவர்கள் கேட்ட கேள்வி சுவாரஸ்யமானது. எம்.பி.பி.எஸ். டாக்டர் கிராமத்தில் தங்க மறுக்கிறார். சித்தா, ஆயுர்வேதப் பட்டதாரிகளோ வேலையில்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான கூடுதல் பயிற்சி கொடுத்து, எந்த நோய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று வரையறுத்துக் கொடுத்தால், ஓர் ஊரின் அடிப்படை வைத்தியத்தை அவர்களால் கவனிக்க முடியுமா? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக நர்ஸிங் கல்லூரி இந்தப் பயிற்சியில் கைகொடுத்தது. நாட்டு வைத்தியமும் ஆங்கில வைத்தியமும் பக்கத்துப் பக்கத்தில்! சரபோஜி மன்னர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். இந்திய வைத்தியம் படித்தவர் ஆங்கில மருந்து எழுதலாமா என்று டாக்டர் சங்கங்கள் கேட்கும் கேள்வியும் நியாயமானதுதான். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இங்கேயும் வேலையின் உயிர் வீட்டு வாசலில்தான் இருந்தது. உள்ளூர்ப் பெண்களையே 'கைடு' என்று நியமித்து, வீடு வீடாக அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண். உயரம், எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், புகையிலைப் பழக்கம், அப்பா அம்மாவுக்கு என்ன நோய் என்று குறித்துக்கொண்டு, ஆபத்து அதிகம் உள்ளவரை மையத்துக்கு வரச் சொல்வார்கள். பைலேரியா காலத்தில் ஸ்லைடு; இப்போது டேப்பும் பி.பி. மெஷினும். இந்த நோயும் அந்தப் புழுவைப் போலத்தான். உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

2012 வாக்கில் ஆலக்குடியில் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை. மைத்துனர் உள்ளேயிருந்து கையால் சைகை காட்டினார்: 'நான் இல்லைன்னு சொல்லுங்க.' வயலில் நாற்று நடவு. அவருக்கு ஆயிரம் ஜோலி. எனக்கு 1976 ஞாபகம் வந்தது. "உள்ளேதான் இருக்கார், வாம்மா" என்று கதவை விரியத் திறந்துவிட்டேன். மைத்துனர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அந்தப் பெண் பட்டையைக் கட்டி, காற்றடித்து, இரண்டு முறை பார்த்தாள். "அண்ணே, மேல் அளவு 180க்கு மேல காட்டுது. இன்னைக்கே சென்டருக்கு வந்துடுங்க. நடவு ஓடிப்போயிடாது" என்றாள். முப்பது வயது இருக்காது. அறுபது வேலி அதட்டல் போடும் மைத்துனர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். இன்றும் என்னிடம் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

அந்த முயற்சி நினைத்தபடி நாடெங்கும் பரவவில்லை. நம் மாவட்டத்தில் சில மையங்களோடு நின்றது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குப் பணம் என்று ஜனங்கள் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் பரவாதது எல்லாம் தோல்வி என்று வரலாறு படித்தவன் சொல்லமாட்டான். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் பி.பி. மெஷினோடும் சர்க்கரைப் பரிசோதனைக் கருவியோடும் வீடு தேடி வருகிறார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. சேத்துப்பட்டிலும் புதுச்சேரியிலும் ஆலக்குடியிலும் வெவ்வேறு பேர் வெவ்வேறு காலத்தில் கண்ட உண்மை ஒன்றே: நோயாளி வருவார் என்று காத்திருந்தால் பாதி ஊர் விட்டுப்போகும்.

பெயர்கள்

பெரிய கோவிலுக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். ராஜராஜன் தன் பெயரை மட்டும் கல்லில் வெட்டிக்கொள்ளவில்லை. கோவில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும், ஆளுக்கு எவ்வளவு நெல் என்பதையும் வெட்டச் செய்தான். காஞ்சிபுரத்துப் பக்கம் திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைச் சொல்லும்போது, வைத்தியரோடு நிறுத்தாமல், மருந்து கொண்டுவருபவருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் எவ்வளவு என்றும் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ராஜாக்களுக்கு இருந்த அந்தக் கணக்கு வழக்கு, நம் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு ஏன் இல்லை? கட்டுரையின் கடைசியில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான்.

நம் 'கலெக்டர்' பணி ஓய்வு பெற்றபோது மாலை போட நான் போயிருந்தேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். காராபூந்தி, மைசூர்பாகு, காபி. முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை வீடு ஏறியிருப்பீர் என்று கேட்டேன். "எண்ணலை. ஆனா திறக்காத வீடு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தங்கைக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. தினமும் ராத்திரி காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, காலை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு டி.வி. பார்க்கிறாள். புண் வராமல், ஜுரம் திரும்பாமல் இருக்க அதுதான் வழி என்று வீட்டுக்கு வந்த ஒரு நர்ஸ் அம்மாள் சொல்லிக்கொடுத்தார். "யாருண்ணே வந்தாலும் நான் கதவைத் திறந்துடுவேன்" என்கிறாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. நம்மோடு படித்தவர்களில் கலெக்டர், நீதிபதி, பேராசிரியர் ஆனவர்கள் பட்டியல் இந்த மலரின் முன்பக்கங்களில் இருக்கிறது, நல்லது. நம்மில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக, லேப் டெக்னீஷியனாக, சர்வே எடுப்பவராக, பூச்சி பிடிப்பவராக ஊர் ஊராய் அலைந்தவர்களும் இருக்கிறார்கள். அடுத்த மலரில் அவர்கள் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார், எந்த ஊரில், எத்தனை வருஷம் என்று மூன்று வரி போதும். நண்பரின் பெயரை இங்கே நான் எழுதாததற்குக் காரணம், அவர் வேண்டாம் என்றதுதான். அந்தப் பக்கத்தில் முதல் பெயராக அதைப் போட அவரைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இன்று மத்தியானச் சாப்பாட்டுப் பந்தியில் அவர் எங்காவது ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டு விலாசத்தையும் கொடுங்கள். அவர் வந்து தட்டினால் திறப்போம் என்று சொல்லுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!